கண் தானக் குழு அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நேற்றுதான் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவுக்கு என்ன ஆனது, ஆஸ்பத்திரியில் அந்தப் பதினோரு நாளும் எப்படிப் போனது என்பதெல்லாம் அருப்புக்கோட்டையில் எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மறுபடி எழுதத் தெம்பில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆறப்போட்டால் நான் எழுதமாட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. அரிமா சங்கத்தை (லயன்ஸ் கிளப்) கேலி செய்தவன் நான். வருஷா வருஷம் ஜூலையில் பதவியேற்பு விழா நடக்கும். அப்பா உறுப்பினர் என்பதால் சாப்பாட்டுக்காவது நானும் போவேன். மேடையில் குழுக்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள்: கண் தானக் குழு, ரத்த தானக் குழு, சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் குழு, அன்னதானக் குழு, மரம் நடும் குழு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒரு பதவி வேறு உண்டு. லேட்டாக வருகிறவர்களிடமும், பேட்ஜ் குத்தாமல் வருகிறவர்களிடமும் சிரிக்கச் சிரிக்க அபராதம் வாங்குவதுதான் அவர் வேலை. "இத்தனை குழு இருக்கே, குழு போடறதுக்குன்னு ஒரு குழு இல்லையாப்பா?" என்று அப்பாவைச் சீண்டுவேன். "பேரை வாசிச்சாத்தாண்டா யாருக்கு போன் பண்ணணும்னு ஊருக்குத் தெரியும்" என்று ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

அப்பா போன அன்று மதியம் ஒன்றரை மணிக்கு ஏறியது.

அப்பா கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது நினைப்பிலேயே இல்லை. அழுதுகொண்டிருந்த அம்மாதான் சட்டென்று நிமிர்ந்து, "கண்ணு கொடுக்கணும்டா, நேரமாயிரும்" என்றாள். உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மதுரையிலிருந்து கண் வங்கிக்காரர்கள் வந்து சேர வேண்டும். யாரைக் கூப்பிடுவது? அப்பாவின் டைரியில் கண் தானக் குழு என்று எழுதி ஒரு நம்பர் இருந்தது.

இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் அந்த அக்கா. தையல் கடை வைத்திருப்பவர். அளவெடுக்கிற டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைக்கக்கூட நிற்கவில்லை போல. (பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.) வந்தவுடன் ஒப்பாரியில் உட்காரவில்லை. அப்பாவின் இமைகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்தார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இரண்டு கண் மேலும் வைத்தார். ஒரு தலையணை கேட்டு வாங்கித் தலையைக் கொஞ்சம் உயர்த்தினார். அப்புறம், "ஃபேனை நிறுத்திருங்க தம்பி, காத்து பட்டா கருவிழி காஞ்சிரும்" என்றார்.

நிறுத்தினேன். கத்திரி வெயில். சின்ன ஹாலில் இருபது பேர். முணுமுணுப்பு கிளம்பியது. போதாததற்குப் பெரியப்பா வேறு, "கண்ணைத் தோண்டிட்டா அடுத்த பிறவியில குருடாப் பிறப்பான்" என்று ஆரம்பித்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஐயா, இது நேத்து வந்த பழக்கம் இல்ல. எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில 1945லயே கண் வங்கி வந்திருச்சு. நாட்டுக்கே அதுதான் முதல்" என்றார். "சர்க்கரை இருந்துச்சே, புரை ஆபரேஷன் பண்ணின கண்ணாச்சே" என்றார் பெரியப்பா. "இருந்தாலும் எடுப்பாங்கய்யா. கருவிழி நல்லா இருந்தாப் போதும்." கடைசியில் சம்மதப் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டபோது சாட்சிக்கு ஆள் தேடினோம். பேனாவை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தவர் பெரியப்பாதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

ஃபேன் நின்ற கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது. அப்பாவின் பக்கத்திலிருந்து அவளை எழுப்ப யாராலும் முடியவில்லை. அக்கா தன் துணிப்பையிலிருந்து ஒரு பனையோலை விசிறியை எடுத்தார். ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்தது. அம்மாவுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். மேலே தூக்கவில்லை. தரையோடு தரையாக, அம்மாவின் முதுகுக்கும் பிடரிக்கும் மட்டும். அப்பாவின் முகத்துப் பக்கம் அந்தக் காற்று போகவே இல்லை. வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றுவார். நடுநடுவே எட்டி, பஞ்சை மறுபடி நனைத்து வைப்பார். திரும்ப வந்து விசிறுவார். மதுரை வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்தக் கை ஓயவில்லை.

பாவம், வெயிலுக்குத் தனக்காக வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி சங்கத்து அண்ணன் ஒருவர் சொன்னார்: "அது அவங்க பையிலேயே கிடக்கும் தம்பி. துட்டி வீட்டுல ஃபேனை நிறுத்தச் சொல்றது நாமதானே, அப்ப காத்துக்கும் நாமதான் பொறுப்பும்பாங்க." எத்தனை வீடுகளில் இப்படி உட்கார்ந்து வியர்வையைப் பார்த்திருந்தால் இது தோன்றியிருக்கும்! எந்தப் படிவத்திலும் விசிறி என்று எழுதியிருக்காது.

கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். அப்பாவின் முகம் அப்படியே இருந்தது, தூங்குகிற மாதிரி. சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும் என்றார்கள். யாருக்கு என்று சொல்லமாட்டார்களாம். சரி. இனி ரோட்டில் எதிரே வருகிறவர் யாராவது ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால் நான் கொஞ்சம் குழம்புவேன், அவ்வளவுதான்.

மற்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட ஆள் அனுப்பிய ரத்த தானக் குழுவினர், வாடகை வாங்காமல் ஃப்ரீசர் பெட்டியையும் நாற்காலிகளையும் இறக்கிவிட்டுப் போனவர்கள், அடுப்புப் பற்றவைக்காத வீட்டுக்கு மூன்று வேளையும் இட்லியும் டீயும் கொண்டுவந்த அன்னதானக் குழு, இறப்புச் சான்றுக்காக டாக்டர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பைக்கில் பறந்த லியோ சங்கத்து (அரிமாவின் இளைஞர் பிரிவு) பிள்ளைகள் — உங்கள் எல்லோருக்கும் அம்மா சார்பாகவும் தங்கை சார்பாகவும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் டெயில் ட்விஸ்டரிடம் சொல்லி எனக்கு அபராதம் போடுங்கள்.

வருகிற ஜூலையில் கண் தானக் குழுவில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பொன்னாடை வேண்டாம். ராத்திரி போனை சைலன்டில் போடாமல் தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, அன்றைக்கு உங்கள் விசிறியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கொண்டுவந்து கொடுக்கலாம் என்று நேற்று எடுத்தேன். அம்மா கொடுக்கமாட்டேன் என்கிறாள். கரண்ட் இருக்கும்போதும் அதைத்தான் மடியில் வைத்திருக்கிறாள். சந்தையில் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். ஓரத்துக்குச் சிவப்புத் துணி மட்டும் நீங்களே தைத்துக்கொள்ளுங்கள்.