எச்சரிக்கையில் செயலையும் நேரத்தையும் எழுதுங்கள்

காட்டுத்தீ அபாய எச்சரிக்கைகளை வெளியிடும் வானிலை, வனம், தீயணைப்புத் துறைகளின் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த ஒரு கோடைக் காலையில், என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும் ஒரே குறுஞ்செய்தியை அவரவர் கைப்பேசியில் படித்தோம். வெப்பநிலை இயல்பைவிட அதிகம், ஈரப்பதம் குறைவு, பலத்த தரைக்காற்று வீசக்கூடும், காட்டுத்தீ அபாயம் உள்ளதால் பொதுமக்கள் விழிப்புடன் இருக்கவும் என்று அதில் இருந்தது. படித்து முடித்தவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டிக் குவித்திருந்த சருகுக்குத் தீ வைக்கக் கிளம்பினார். நான் ஓடிப்போய்த் தடுத்தபோது, "சருகு எரிக்கக் கூடாது என்று இதில் எங்கே ஐயா போட்டிருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் எச்சரிக்கைகள் வானத்தின் நிலையைச் சரியாகவே சொல்கின்றன. அந்த நிலையில் மனிதர் எதைச் செய்யக் கூடாது, எந்த நேரத்தில் எங்கே இருக்கக் கூடாது என்பதைத்தான் அவை சொல்வதில்லை. ஈரப்பதம் 15 சதவீதம் என்ற எண், அளவீடு தெரிந்தவருக்கு அச்சமூட்டும். மற்றவருக்கு அது வெறும் எண். காய்ந்த புல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வறட்சிக்கு ஈடாக உலர்ந்துவிடும் என்பதையும், பருத்த மரக்கட்டை அப்படி உலர வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். நேற்று மழை பெய்ததே என்ற நிம்மதியில் இருப்பவருக்கு, இன்று நண்பகல் வெயிலிலும் காற்றிலும் அந்தப் புல் மீண்டும் எரியத் தயாராகிவிடும் என்று யார் சொல்வது? ஒரு பிடி புல்லை எடுத்து வளைத்தால் அது மடங்காமல் சடசடவென்று ஒடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; எந்தச் சதவீதத்தையும்விட அது எளிதில் விளங்கும்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் மாண்டார்கள். அன்று மெல்பர்ன் நகரில் வெப்பநிலை 46.4 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பகல் முழுவதும் வடமேற்குக் காற்று தீயை நீண்டு ஒடுங்கிய பட்டையாக ஓட்டிச் சென்றது. மாலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பியபோது, அதுவரை பக்கவாட்டில் கிடந்த அந்த நீண்ட விளிம்பு முழுவதுமே தீயின் முகப்பாக மாறிப் பாய்ந்தது. தீ தங்களை விட்டு விலகிப் போகிறது என்று எண்ணியிருந்தவர்கள் இருக்கும் திசைக்கே அது வரும் நேரம் இதுதான். காற்று திரும்பும் நேரத்தை வானிலையாளர்களால் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்க முடிகிறது. ஆகவே "பலத்த காற்று" என்பதோடு நிறுத்தாமல், மாலை இத்தனை மணி வாக்கில் காற்று இன்ன திசைக்குத் திரும்பும் என்பதை எச்சரிக்கையின் முதல் வரியிலேயே எழுத வேண்டுகிறேன்.

அணைந்ததாக நம்பப்படும் தீயும் தனி எச்சரிக்கைக்கு உரியது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரில் சூறைக்காற்றில் அறுந்த மின்கம்பியால் காலையில் பற்றிய தீ அணைக்கப்பட்டதாகக் கருதப்பட்டது; பிற்பகலில் அதுவே மீண்டும் கிளர்ந்து நகரை எரித்து, சுமார் 100 உயிர்களைக் கொண்டுபோனது. தீ அபாய எச்சரிக்கை அன்று நடப்பில்தான் இருந்தது. முந்தைய நாள் எரித்த குப்பைக் குவியலின் மேல் சாம்பல் வெளுத்துக் கிடந்தாலும் அடியில் கங்கு உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடில்லை என்று உறுதிசெய்யும் வரை அது அணைந்ததாகாது. காற்று எழுவதற்கு முந்தைய மாலையே இதை மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்திரேலியா 2022 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் பொதுவான நான்கு அபாய நிலைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிலையின் பெயரோடும் ஒரு செயலும் சேர்த்தே அறிவிக்கப்படுகிறது: திட்டமிட்டுத் தயாராகுங்கள் என்பதில் தொடங்கி, உயிர் பிழைக்க வேண்டுமானால் தீ அபாயப் பகுதியை விட்டு வெளியேறுங்கள் என்பதுவரை. நான் கேட்பதும் இந்த வகை எச்சரிக்கையைத்தான். சருகு எரிக்காதீர்கள், கற்கள் நிறைந்த நிலத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள், கத்தி கல்லில் பட்டால் பொறி பறக்கும், ஓடிச் சூடேறிய வாகனத்தைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள், மலைச்சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஏறும் என்பதால் இன்று மலையேறப் போகாதீர்கள். இவ்வளவையும் ஒரே குறுஞ்செய்தியில் அடக்க முடியாது என்றால், அன்றைய நாளுக்கு மிக அவசியமான இரண்டை மட்டுமாவது சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எச்சரிக்கை விடுத்த நாளில் தீ எதுவும் பற்றாவிட்டால், "சும்மா பயமுறுத்தினார்கள்" என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். இந்த எச்சரிக்கையின் பொருள் இன்று தீ பற்றும் என்பதல்ல, பற்றினால் அடக்குவது மிகக் கடினம் என்பதே என்று எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை. எச்சரிக்கையை விலக்கிக்கொள்ளும்போது அதையும் ஒரு வரியில் சேர்த்து அனுப்புங்கள்.

பணிவன்புடன்,
காட்டை ஒட்டி வாழும் ஒருவர்