பிளேஸ்மென்ட் ஆபீசர்களுக்கு ஒரு மடல்: அந்த மாதிரித் தாளை நிறுத்துங்கள்

கொங்கு வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் ஆபீசர்களுக்கு,

வணக்கமுங்க. கோவை கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவன் நான். வருஷா வருஷம் உங்கள் கல்லூரிகளில் டீ குடித்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகளின் ரெஸ்யூமில் முதலில் இருப்பது 'ஆப்ஜெக்டிவ்'. சவாலான சூழலில் திறமையைக் காட்டி, நிறுவனத்தோடு தானும் வளர வேண்டுமாம். ஈரோட்டுப் பையனுக்கும் அதே வரி, பொள்ளாச்சிப் பெண்ணுக்கும் அதே வரி. மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பேதம்கூட இல்லை. கேட்டால், மாதிரித் தாள் உங்கள் அறையில் கொடுத்தது என்கிறார்கள்.

போன வருஷம் கோபி பக்கமிருந்து ஒரு பெண் வந்தது. டிரிபிள் இ, அதாவது எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு. அதே வரிதான், தாளை ஓரமாக வைத்துவிட்டேன். பேச்சுக்கு, "தோட்டத்தில் போர் மோட்டார் இருக்கா அம்மிணி?" என்றேன்.

"அப்பா ரீவைண்டிங் கடை வெச்சிருக்காருங்க சார். லீவுல நானும் கருகின மோட்டாருக்குக் காயில் கட்டுவேன்."

மோட்டார் ஏன் புகையுது என்று கேட்டேன். மூன்று பேஸ் கரண்ட் லைனில் ஒன்று போய்விட்டால் மீதியில் கரண்ட் ஏறி வைண்டிங் கருகும், எந்தக் காயில் கருகியிருக்கிறது, எது தப்பியிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும் என்றது. எங்கள் சர்வீஸ் ஆளே இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இதை ஏன் எழுதவில்லை என்றால், "அது படிப்புல சேராதுங்களே சார்."

ஏன் சேராது? 'நீர்மூழ்கி மோட்டார் டெஸ்டிங் அல்லது சர்வீஸில் டிரெய்னி வேலை வேண்டும். நான்கு வருட விடுமுறைகளில் ரீவைண்டிங் கடையில் மோட்டார் பிரித்துக் காயில் கட்டியிருக்கிறேன்.' இப்படி இருந்திருந்தால் அந்தப் பெண்ணைத்தான் முதலில் கூப்பிட்டிருப்பேன். என்ன வேலை வேண்டும், அதற்குக் கையில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறவும் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மெர்ச்சண்டைசர் வேலை கேட்டு எழுதியதை அப்படியே எங்களுக்கு அனுப்பிய பையனும் உண்டு (நல்ல பையன்தான், பாவம்). சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பத்தியே வேண்டாம், புராஜெக்ட் மேலே வரட்டும். ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு ஆப்ஜெக்டிவே தேவையில்லை, செய்த வேலையை இரண்டு வரியில் சொன்னால் போதும்.

சரி, தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. 'டிரெய்னி, 10 பேர்' என்று ஒற்றை வரியில் மெயில் போடுகிறோம். வேலை என்னவென்று தெரியாத பிள்ளை எதைக் குறிவைத்து எழுதும்? இந்த முறை டெஸ்டிங்குக்கு எத்தனை பேர், ஃபவுண்டரிக்கு எத்தனை, டிசைனுக்கு எத்தனை, ஒவ்வொன்றிலும் முதல் ஆறு மாதம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதி, ஆள் எடுக்க வருவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். ரெஸ்யூம்களை அதற்கப்புறம் வாங்கி அனுப்பினால் போதுமுங்க.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து ஒரு பம்ப்செட்காரன்