வெள்ளவத்தை ஒழுங்கை நலன்புரிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் செயற்குழுவினருக்கும், இந்த மழைக்குள்ளும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வடிகான் விடயமாக எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, மறுபடி எழுதியிருக்கிறோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே நான் பயணங்களுக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் கோடைகாலப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது போதும், நாமும் காலையில் போய் இரவு திரும்பும் பயணம் வருடத்துக்கு நாலாவது போவோம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். நாலும் போய் வந்தோம்.

பெப்ரவரியில் காலிக்கு ரயிலில் போனோம். வெள்ளவத்தையில் ஏறினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும் என்பதால், எல்லோரும் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய் அங்கே ஏறினோம். வலப்பக்க யன்னலுக்கு நடந்த சண்டையில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் மும்முரம். கடல் அந்தப் பக்கம் அல்லவா? களுத்துறையில் உள்ளே வெறுமையாகக் கட்டப்பட்ட தாதுகோபத்தைக் கண்டதும் பெட்டியில் இருந்த பாதிப்பேர் கைகூப்பினார்கள், நம்மவர்களும்தான். காலிக் கோட்டையின் பழைய வாசலில் வெளிப்பக்கம் பிரித்தானிய முத்திரை, உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை, 1669 என்ற ஆண்டு, மேலே ஒரு சேவல். சேவலைக் கண்டுபிடித்த சிறுவனுக்குத் தலைவர் ஐயா ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். அது சங்கக் கணக்கில் இல்லை.

அங்கேதான் நமது ஓய்வுபெற்ற ஆசிரியை அன்ரி, "தமிழ்க் கல்வெட்டு எங்கே?" என்று கேட்டு எங்களை விழிக்க வைத்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குக் கார்னிவல் ஒன்று. மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் செங்குத்துப் பலகைச் சுவரில் சுற்றுவதைப் பார்த்து மாமிமார் கண்ணை மூடிக்கொண்டார்கள். வேகம் குறையாதவரை சக்கரம் சுவரை அழுத்திக்கொண்டே இருக்கும், அந்த உராய்வுதான் ஆளை விழாமல் வைத்திருக்கிறது என்று உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் பிள்ளை விளக்கினாள். விளக்கம் சரிதான், ஆனால் பலகை ஆடிய ஆட்டத்துக்கு அது ஆறுதலாக இல்லை. அப்புறம் ராட்டினம். நாங்கள் உச்சியில் இருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. கால் மணி நேரம் தேவாரம் பாடினோம். இனி ராட்டினத்துக்குச் சங்கம் டிக்கட் வாங்காது. ஏற விரும்புவோர் சொந்தப் பொறுப்பில் ஏறலாம்.

ஓகஸ்ட் விடுமுறையில் கடலில் குளிக்கப் போவோம் என்று இளைஞர் அணி கேட்டது. மறுத்தோம். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கல்கிசை முதல் மாத்தறை வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். குளிப்பதானால் டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போக வேண்டும். மேற்குக் கரையில் பிறந்து வளர்ந்தும் இதை ஒவ்வொரு வருடமும் விளக்க வேண்டியிருக்கிறது. கொந்தளிக்கும் கடலுக்கென்றே ஓர் இடம் உண்டு: திக்வல்லைக்குப் பக்கத்தில் ஹும்மானய. அலை பாறைக்கு அடியில் உள்ள குடைவுக்குள் புகுந்து, போக வேறு வழியில்லாமல் மேலே உள்ள பிளவால் பீறிடும். வாடகை பஸ்ஸின் ஏசி பாதி வழியிலேயே நின்றுவிட்டது, யன்னல்களும் திறக்க முடியாதவை. வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்து இருபது நிமிடம் காத்திருந்தோம், ஒன்றுமில்லை. "இதுக்கா வந்தனாங்கள்?" என்று ஒருவர் தொடங்கும்போதே கீழே ஹூம் என்று ஒரு முழக்கம், அடுத்த கணம் அவரும் நனைந்து அவருடைய புளிச்சாதமும் நனைந்தது. மனுசன் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். ஏசிக் காசு பற்றிய பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

இனி அந்தக் கல். சீனத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது, 1409 என்று பொறிக்கப்பட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில். 1911 இல் காலியில் கண்டெடுத்தார்கள். இப்போது இருப்பது கொழும்பு அருங்காட்சியகத்தில்! 1877 முதல் திறந்திருக்கும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் வருடக்கணக்காக வேலைக்குப் போய் வந்தோம். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை போனோம். சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியல். அன்ரி கண்ணாடியை மாற்றிப் போட்டு எழுத்தெழுத்தாகத் தேடினார். ஒரு சொல் பிடிபட்டதும் பிள்ளைகள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். காவலாளி இரண்டு தரம் நேரம் சொல்ல வேண்டியிருந்தது.

செலவு மிகக் குறைந்ததும் முறைப்பாடே வராததும் இந்தப் பயணம்தான். "இது ஒரு ட்ரிப்பா?" என்று வீட்டில் நின்றவர்கள்தான் கேட்டார்கள்.

வரும் ஆண்டுக்கு நீர்கொழும்பும் முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் படகுச் சவாரியும் முன்மொழியப்பட்டுள்ளன. தாமரைக் கோபுரம் ஏறலாம் என்றும் ஒரு யோசனை, உயரம் 350 மீட்டர், ராட்டின அனுபவம் உள்ளவர்கள் யோசித்துக் கை தூக்கவும். பஸ் முற்பணத்தை இந்தமுறை முழுதாக முதலே கொடுப்பதில்லை.

காலி ரயிலில் இருந்து எடுத்து வந்த மஞ்சள் மூடிப் பிளாஸ்க் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. உரியவர் வந்து எடுக்கலாம்.

செயலாளர்