மலேசியாவின் சிந்தோக்கில் கணக்கியல் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பிரிட்டனின் கணக்காளர் தகுதித் தேர்வுகளை நடத்தும் ஏசிசிஏ சங்கத்தில் இப்போதே பெயர் பதியலாமா என்று கேட்டிருந்தாய். அவசரம் வேண்டாம் மா. நீ வாங்கப்போகும் பட்டமே எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று முதலில் பார்.

1967-ஆம் ஆண்டு கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏ-வில் பதியாதவர் மலேசியாவில் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், உன் பல்கலைக்கழகத்தைப் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் கணக்கியல் பட்டங்கள் இடம்பெற்றிருக்கின்றன. பட்டத்தோடு 3 ஆண்டு உரிய வேலை அனுபவத்தைக் காட்டினால், ஏசிசிஏ இல்லாமலே நீ உறுப்பினராகலாம். தனியார் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஆனால் அட்டவணையில் இருப்பது கணக்கியல் பட்டம். பாடம் கடினமாக இருக்கிறதென்று நடுவில் நிதித் துறைக்கோ வணிக நிர்வாகத்துக்கோ மாறினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் ஏசிசிஏ பயன்படும். இப்போதைய அமைப்பில் 13 தாள். பட்டத்தைப் பொறுத்து 9 தாள்வரை விலக்கு கிடைக்கும். விலக்குக்கும் தாளுக்கு இவ்வளவு என்று பிரிட்டிஷ் பவுண்டில் கட்டணம் உண்டு. கடைசி 4 தாளை எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். பட்டம் முடிந்தபின் பதிந்தால், இடைப்பட்ட ஆண்டுகளின் சந்தா மிச்சம்.

இப்போது உன் கை பழக வேண்டியது, ஒவ்வொரு வரவு செலவையும் டெபிட் (பற்று), கிரெடிட் (வரவு) என்று இரு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவில். இரு பக்கக் கூட்டுத்தொகையையும் ஒப்பிடும் இருப்பாய்வு ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் என்ற தற்காலிகக் கணக்கில் தள்ளிவிடாதே. முதலில் அதை 9-ஆல் வகுத்துப் பார். மீதியின்றி வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும்: 5,430-ஐ 4,530 என்று எழுதினால் 900 உதைக்கும். இல்லையென்றால் பாதியாக்கிப் பார். வித்தியாசம் 640 என்றால், 320 வெள்ளி (ரிங்கிட்) பதிவு ஒன்று டெபிட்டுக்குப் பதில் கிரெடிட்டில் போயிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், 640-க்கே ஒரு பக்கம் பதிவு விட்டுப்போயிருக்கிறதா என்று தேடு.

கணினி மென்பொருளில் இரு பக்கமும் எப்போதும் ஒத்துப்போகும். அதனால்தான் அங்கே தவறு இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறது. இயந்திரம் பழுதுபார்த்த செலவைச் சொத்துக் கணக்கில் போட்டால் இருப்பாய்வு கச்சிதமாக இருக்கும். லாபம் மட்டும் பொய்யாகக் கூடியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ரசீதை எடுத்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தொழிற்பயிற்சிக்கு உலகின் நான்கு பெரிய கணக்காய்வு நிறுவனங்களில்தான் போக வேண்டும் என்று தோழிகள் சொல்வார்கள். அங்கே பெயர் கிடைக்கும், முறையான பயிற்சியும் கிடைக்கும். ஆனால் ஒரு பெரிய வங்கியின் கணக்காய்வில் உனக்கு ஒரு மூலைதான் வரும். நடுத்தர நிறுவனத்தில் ஒரு கம்பெனியின் வங்கி உறுதிக் கடிதம், சரக்கிருப்பு எண்ணிக்கை, கடனாளிப் பட்டியல், வரிக் கணக்கு எல்லாம் உன் கைவழியே போகும். தொடக்கத்துக்கு அதுதான் நல்லது என்பேன். டிசம்பர் 31-இல் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் ஏராளம். ஆண்டின் முதல் மாதங்களில் இரவு வெகுநேரம் ஆகும், மனத்தைத் தயார்படுத்திக்கொள்.

வரி வாரியம் சரிபார்க்கும் மின்னணு விற்பனைச் சீட்டான இ-இன்வாய்ஸையும் படித்துவை. 2024 ஆகஸ்ட் 1-இல் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஆண்டு விற்பனையுள்ள நிறுவனங்களோடு தொடங்கியது. வரி வாரியம் சரிபார்த்த இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். பிறகு கிரெடிட் நோட், டெபிட் நோட் போன்ற திருத்தச் சீட்டுப் போட்டுத்தான் திருத்த வேண்டும். இதைத் தெரிந்த பிள்ளைகளைத் தேடித்தான் எடுக்கிறார்கள்.

முதல் வேலை கிடைத்ததும், என்னென்ன வேலை செய்தாய், எந்தத் தேதியிலிருந்து என்று ஆண்டுதோறும் மேலாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். மூன்றாம் ஆண்டு முடிவில் எம்ஐஏ-வுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய மேலாளர் வேறு எங்காவது போயிருப்பார்.

அடுத்த பருவப் பாடப்பதிவில் வரிப் பாடத்தை விட்டுவிடாதே மா. பதிந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா