45 கிலோவும் திறக்காத டிபன் டப்பாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குத் தாங்களே ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் அந்த வகை ஆள்தான். மதுரை ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்த ஒரு பொட்டலில் நாலு வருஷமாகப் பையன்களுக்குக் கபடி பழக்கிக்கொண்டிருக்கிறேன். கட்டுரையில் எங்களைத் தியாகிகள் வரிசையில் உட்கார வைத்திருந்தீர்கள். படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் எங்களைப் போன்றவர்களால் நடக்கிற கெடுதல் ஒன்றும் உண்டு. அதைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணியில் ஒரு பழக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். சாயங்காலம் சும்மா இருக்கிற அப்பா என்பதுதான் என்னுடைய முதல் தகுதி. இளவட்டமாக இருந்தபோது ஊர்க் கபடி அணியில் இடது ஓரத்தில், லெப்ட் கார்னரில், நின்று பிடித்தவன் என்பது இரண்டாவது. மகன் படித்த பள்ளியில் பி.டி. சார் மாறுதலாகிப் போனபின் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பையன்கள் ஏழெட்டுப் பேர் வீட்டு வாசலில் வந்து நின்று, "மாமா, நீங்க சொல்லிக்கொடுங்க" என்றார்கள். சரி என்றேன். அன்று என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடிபட்டால் என்ன செய்வாய், வெயிலில் எத்தனை நேரம் ஆடவிடுவாய், ஒரு பையன் மயங்கினால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவாய் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, சங்கிலி போட்டு மடக்குவது எல்லாம் தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நம் பக்கத்துக் கிராமப் போட்டிகள் எப்படி நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். திருவிழாவை ஒட்டி, இல்லாவிட்டால் மே மாத லீவில், மின்னொளிக் கபடி என்று நோட்டீஸ் அடிப்பார்கள். சுழற்கோப்பை, ரொக்கம், சில ஊர்களில் ஆட்டுக்கிடா. பெரியவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் சின்னப் பையன்களுக்கு 45 கிலோ, 50 கிலோ, 55 கிலோ என்று எடைப் பிரிவு இருக்கும். வயதை நிரூபிப்பது தொல்லை. எடை மெஷின் ஒன்று வாங்கி வைத்தால் வேலை சுலபம். மெஷினும் பொய் சொல்லாது. அதன்மேல் ஏறி நிற்பவனை நாங்கள்தான் பொய்யாக்குகிறோம்.

போன வருஷம் மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் 45 கிலோப் போட்டி. எங்கள் அணியில் நன்றாகப் பாடிப் போகிற, அதாவது 'கபடி கபடி' என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு எதிரணிப் பக்கம் போகிற பையன் ஒருவன். பதிமூன்று வயது. வியாழக்கிழமை எங்கள் கடை மெஷினில் நிறுத்தினேன், 46 கிலோ 300 கிராம். சனிக்கிழமை சாயங்காலம் எடை பார்ப்பார்கள். அவன் இல்லாமல் அந்த அணி இல்லை. நான் சொன்னது இது: "ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்டா. தண்ணி வாயைக் கொப்புளிச்சுத் துப்பிரு. நாளைக்கு மத்தியானம் ரெண்டு பனியன் போட்டு, மேல ரெயின்கோட்டும் போட்டு ஓடு." என் காலத்தில் எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். மே மாத மதுரையில், மத்தியானத்தில், ரெயின்கோட் போட்டு ஓடச் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போதே கை கூசுகிறது.

சனிக்கிழமை 44 கிலோ 900. எல்லாரும் கைதட்டினோம். முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அவன் பாடிப் போனான். எதிர்ப்பக்கம் பாதி தூரம் போனதும் பாட்டு நின்றது. யாரும் பிடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. அவனாகவே உட்கார்ந்தான், அப்புறம் சரிந்தான். நடுவர் விசில் ஊதி அவர்களுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தது நினைவிருக்கிறது. அதற்கு நான் வாதாடக்கூடப் போனேன், வெட்கக்கேடு.

அரசு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். "கோச் யாரு?" என்று கேட்டார். கை தூக்கினேன். வேறொன்றும் கேட்கவில்லை. விடியற்காலையில் அவன் அம்மா வந்து சேர்ந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அவன் பையைத் திறந்து டிபன் டப்பாவை எடுத்தார். முந்தின நாள் கட்டிக்கொடுத்த இட்லி அப்படியே இருந்தது. "எடை பார்த்தப்புறமாவது சாப்பிட்டிருக்கலாமேண்ணே" என்றார், அவ்வளவுதான். சாப்பிட்டால் ஆடும்போது வயிறு பிடிக்கும் என்று அதையும் வேண்டாமென்று சொன்னது நான்தான். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

நான் பழக்கடைக்காரன். இரண்டு நாள் கிடந்த கொய்யா எடை குறையும், குறைந்தது தண்ணீர் என்பது எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 46.3இலிருந்து 44.9 என்றால் 1.4 கிலோ, உடம்பில் மூன்று சதவீதம். நர்சிங் படிக்கிற என் மகள், உடம்பு எடையில் இரண்டு சதவீதம் நீராகக் குறைந்தாலே ஆட்டம் தளரும், வெயிலில் அது உயிர் விவகாரம் என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் படித்துக் காட்டினாள். 1997 கடைசியில் அமெரிக்காவில் எடை குறைக்கப் போய்க் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரப்பர் உடை போட்டு வியர்க்க வைப்பதைத் தடை செய்தார்கள். உடம்பில் போதிய நீர் இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்து, அதற்கப்புறம் எடைப் பிரிவை முடிவு செய்கிறார்கள். எங்கள் ரெயின்கோட்டும் அந்த ரப்பர் உடையும் ஒன்றுதான்.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் எடை 100 கிராம் கூடுதல் என்று இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டபோது, எங்கள் ஏரியா டீக்கடை முழுக்க அதே பேச்சு. ராத்திரியெல்லாம் தூங்காமல் எடையைக் குறைத்தும் பதக்கம் போனதே என்று நானும் பொருமினேன். பக்கத்தில் டாக்டர்களை வைத்துக்கொண்டிருந்த, முப்பதை நெருங்கிய வீராங்கனை அவர். அவருக்கே அந்தப் பாடு என்றால், வளர்கிற வயசுப் பையனை ரெயின்கோட்டில் ஓடவிடுகிற நான் யார் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

எங்கள் பையன் மயங்கி விழுந்ததற்குப் பின் ஒரு தீர்மானம் செய்தேன். பையன் எந்த எடையில் இருக்கிறானோ அந்தப் பிரிவு, அதில் பேச்சே இல்லை. 46 கிலோ என்றால் 50 கிலோ அணியில் ஆடட்டும். விளைவு எதிர்பார்த்ததுதான். தோற்றோம், நாலு போட்டியில் நாலிலும். 50 கிலோவில் எதிரே நிற்கிறவன் பாதிப் பேர் 53 கிலோவிலிருந்து வற்றி இறங்கியவன். எங்கள் பையன்கள் அவன் தொடையைப் பிடித்தால் இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுகிறான். ஒரு அப்பா நேராகவே கேட்டார், "கப்பு வாங்காத கோச்சு எதுக்குண்ணே?" இரண்டு பையன்கள் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். என் மகனும் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் ஒருவன் மட்டும் யோக்கியனாக இருந்தால் என் பையன்கள்தான் அடிவாங்குகிறார்கள். போட்டி நடத்துகிறவர்கள் விதியை மாற்றாமல் இது தீராது.

விழாக் கமிட்டிக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆட்டமே கிடையாது. பத்தாவது வரை படிக்கிற பையன்களுக்காவது எடைப் பிரிவை எடுத்துவிட்டு வகுப்பை வைத்துப் பிரியுங்கள் என்றுதான் கேட்கிறேன். எட்டாவது வரை ஒரு பிரிவு, பத்தாவது வரை ஒரு பிரிவு. பள்ளி அடையாள அட்டை போதும். ஆள் மாறாட்டம் நடக்கும் என்பார்கள். நடக்கட்டும், பிடிபட்டால் அணியை நீக்குங்கள். யாரும் மயங்கி விழ மாட்டான். வகுப்பு முறை ஒத்துவராது என்றால், எடையில் ஒன்றரைக் கிலோ வரை சலுகை என்று நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். அதையும் முழு வழி என்று சொல்ல மாட்டேன். சலுகையையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற கோச் உண்டு, நானே போட்டிருப்பேன்.

இன்னொன்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு. என்னைப் போலச் சம்பளமில்லாமல் பொட்டலில் நிற்கிற அப்பாக்களும் அம்மாக்களும் மதுரையைச் சுற்றி எவ்வளவோ பேர் இருக்கிறோம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு எங்களைக் கூப்பிட்டு, முதலுதவி, வெயில், தண்ணீர், சாப்பாடு இவற்றை ஒரு டாக்டரை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பிடி போட நாங்களே சொல்லிக்கொடுத்துக்கொள்வோம். பிள்ளைகளை ஒப்படைக்கும் முன் எங்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்டாலும் எனக்கு வருத்தமில்லை. கேட்கத்தான் வேண்டும்.

மே மாதப் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்கிற நேரம் நெருங்குகிறது என்பதால் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடாமல் வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பையன் இப்போது 52 கிலோ. அவன் அம்மா வாரம் தவறாமல் எங்கள் கடை மெஷினில் கூட்டிவந்து நிறுத்திப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கபடி அப்பா,
ஒத்தக்கடை, மதுரை.
(பையனுக்காகப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.)