கிளெரிக் இல்லாத மேசை

மஞ்சக்குப்பம், கடலூர்

தம்பி,

உன் மெசேஜும் கூட அனுப்பின பட்டியலும் வந்துது. நீ நடத்தற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குக் கேரக்டர் போடறதுக்கு நம்ம வீட்டு விதிகளை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கே, நாலு பேருக்கு. போன வருஷம் அஞ்சு பேருக்குக் கேட்டிருந்தே. சரி, நாலு பேருக்குன்னே எழுதறேன். போன்லயே சொல்லியிருப்பேன், நீ எப்ப எடுப்பேன்னு தெரியல. கடிதம்னா நிதானமா உட்கார்ந்து படிக்கலாம்.

முதல்ல எந்தப் புத்தகம்னு தீர்மானம் பண்ணு. 2014-ல வந்த அஞ்சாம் பதிப்பா, 2024-ல திருத்தி வந்ததா? உன் பட்டியல்ல ரெண்டும் கலந்து கிடக்கு. பழைய விதியில ஸ்கோர் (ஸ்ட்ரெங்த், விஸ்டம் மாதிரி ஆறு திறன் எண்) உயர்வு ரேஸ்லேருந்து, அதாவது இனத்துலேருந்து வருது, புது விதியில பேக்கிரவுண்ட்லேருந்து, அதாவது கேரக்டரோட பழைய வாழ்க்கையிலேருந்து வருது. பழைய புத்தகத்து ரேஸும் புதுப் புத்தகத்து பேக்கிரவுண்டும் ஒரே ஷீட்ல சேர்ந்தா +2 ரெண்டு தடவை விழும். 15 வாங்கினவன் முதல் லெவல்லயே 19-ல நிப்பான், பக்கத்துல உட்கார்ந்தவன் 17-ல இருப்பான். யாரும் வேணும்னு செய்யறதில்ல, ஆனா யாரும் கவனிக்கவும் மாட்டாங்க. அதனால 2014-ஐ அடிப்படையா வச்சுக்கோ. 2024-லேருந்து வேண்டியதை நீயே எடுத்து ஒரு தாள்ல எழுதிக் கொடு. ஆளாளுக்குப் பொறுக்கி எடுக்க விடாதே.

ஆறு ஸ்கோரையும் வாங்க ஆளுக்கு 27 புள்ளி. 8-க்கு விலை இல்ல. 13 வரைக்கும் படிக்கு ஒரு புள்ளி, 14-க்கு மொத்தம் 7, 15-க்கு 9. ரேஸ் உயர்வு சேர்க்கறதுக்கு முன்னாடி 15-ஐத் தாண்டக் கூடாது. 15, 14, 13, 12, 10, 8-ங்கற ஸ்டாண்டர்ட் அரேயோட விலையும் சரியா 27 தான் வரும், அதை வச்சு ஷீட்டைச் சரிபார்த்துக்கலாம். டைஸ் உருட்டியே ஆகணும்னு ஒருத்தராவது நிப்பாங்க. நாலு ஆறுமுக டைஸ் உருட்டி சின்னதைத் தள்ளினா ஆறு ஸ்கோரோட கூட்டுத்தொகை சராசரியா 73 சொச்சம் வரும், அரேயில 72. சராசரியில பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் ரொம்ப இருக்கும். ஒரு ஷீட்ல ஒரு 18-ஆவது விழறதுக்கு நூத்துல ஒன்பது வாய்ப்பு உண்டு. 18 விழுந்தவரோட சேர்ந்து, 13-ஐத் தாண்டாத ஷீட்டை வச்சுக்கிட்டு ஒருத்தர் மாசக்கணக்கா விளையாடணும். பந்தியில ஒரு இலைக்கு மட்டும் ரெண்டு கரண்டி பாயசம் ஊத்தின மாதிரி இருக்கும் அது. ஆசைப்பட்டா ஆளுக்கு ஒரு வரிசை உருட்டட்டும், அதுல நல்லா வந்த ஒண்ணை எல்லாரும் எடுத்துக்கட்டும்.

ஹிட் பாயின்டை, அதாவது உயிர்ப் புள்ளியை, உருட்டவே வேணாம். முதல் லெவல்ல முழுசு, அதுக்கப்புறம் புத்தகத்து நிலையான எண்: டி6 (ஆறுமுக டைஸ்) உள்ள கிளாஸுக்கு 4, டி8-க்கு 5, டி10-க்கு 6, டி12-க்கு 7. ஃபைட்டர் ரெண்டு லெவல் தொடர்ந்து 1 உருட்டினா விசார்டுக்குப் பின்னாடி ஒளிய வேண்டியதுதான்.

முதல் லெவல்லயே எல்லாருக்கும் ஒரு ஃபீட் (தனிச் சிறப்புத் திறமை) கொடு, அது 2024-லேருந்து எடுத்துக்க வேண்டிய நல்ல விஷயம். அலர்ட், டஃப், ஸ்கில்ட், மேஜிக் இனிஷியேட், ஹீலர் இதுக்குள்ள எடுக்கட்டும். ஹீலர் மட்டும் 2014-ல இருக்கறபடியே இருக்கட்டும், காரணத்தைக் கீழ எழுதறேன். ஒரு ஃபீட்டோடயே வர்ற வேரியன்ட் ஹ்யூமனைப் பட்டியல்லேருந்து தூக்கிடு. இல்லாட்டி அவனுக்கு ரெண்டு ஃபீட் ஆயிடும், மேசை முழுக்க மனுஷங்களாவே உட்கார்ந்திருப்பாங்க. எல்லா ஸ்கோருக்கும் +1 வாங்கற சாதா ஹ்யூமன் போதும், அவனுக்கும் ஒரு ஃபீட் வருதே.

கிரேட் வெப்பன் மாஸ்டர், ஷார்ப்ஷூட்டர்ங்கற ரெண்டு ஃபீட்டையும் முதல் லெவலுக்கு அனுமதிக்காதேன்னு நான் சொல்றதுக்குக் காரணம் கணக்கு. நீ பள்ளிக்கூட நோட்டோட பின்பக்கத்துல இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினப்போ உன் அப்பா அதை எடுத்து வச்சுக்கிட்டார், இன்னும் வச்சிருக்கார். முதல் லெவல்ல அந்த ஃபீட்டை எடுத்தவன் நாலாவது லெவல் உயர்வை ஸ்ட்ரெங்த்துல போட்டு 19 ஆக்கிடுவான். அஞ்சாவது லெவல்ல அவனுக்கு அடிக்கு உருட்டறதுல +7. ஏசி (எதிராளியோட தற்காப்பு எண்) 15-க்கு எதிரா 65 சதவீதம் படும், பெரிய வாளுக்குச் சராசரி 11, ஒரு வீச்சுக்கு 7.15. அந்த ஃபீட்படி அடியில 5 குறைச்சு சேதத்துல 10 கூட்டினா 40 சதவீதம், 21, ஒரு வீச்சுக்கு 8.4. இது வரைக்கும் பொறுத்துக்கலாம். அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிப் பெருசை எடுக்கறது) கிடைச்சுதுன்னா 9.65 எங்க, 13.44 எங்க? 20 விழுந்தா வர்ற கிரிட்டைச் சேர்க்காமலே இவ்வளவு. அதுக்குமேல ஒரு டர்னுக்கு ரெண்டு வீச்சு. நீ அதை ஈடுகட்ட அரக்கனோட ஹிட் பாயின்டை ஏத்துவே, அப்புறம் ரோக் என்ன அடிச்சாலும் சுரண்டின மாதிரிதான் தெரியும். 2024-ல இதைத் திருத்திட்டாங்க. கனமான ஆயுதத்தால அடிச்சா லெவலோட ஏறற ப்ரொஃபிஷியன்சி போனஸ் அளவு சேதம் கூடும், அடியில எதுவும் குறையாது. அஞ்சாவது லெவல்ல +3, ஒரு வீச்சுக்கு 9.1. அதையே எடுத்துக்கோ, நாலாவது லெவல்லேருந்து.

மல்ட்டிகிளாஸ், அதாவது ரெண்டு கிளாஸைக் கலக்கறது, அஞ்சாவது லெவலுக்கு அப்புறம்தான். ரெண்டு கிளாஸோட முக்கிய ஸ்கோரும் 13 இருக்கணும்னு புத்தகமே சொல்லுது, அது மட்டும் போதாது. அஞ்சாவதுலதான் ஃபைட்டருக்கு ரெண்டாவது அடி, விசார்டுக்கு மூணாம் படி ஸ்பெல் எல்லாம் வருது. மூணும் ரெண்டுமா பிரிச்சவன் அன்னைக்கு ஒரே அடியோட நிப்பான், மத்தவங்க ரெண்டு அடி அடிப்பாங்க. அவனுக்கே மனசு சுருங்கும், தப்பு எங்கன்னு சொல்லத் தெரியாது. வார்லாக்கோட ஹெக்ஸ்பிளேட் சப்கிளாஸ்ல ஒரே லெவல் எடுத்து ஓடறவங்களுக்காக ஒண்ணு: கரிஸ்மாவால வாள் வீசற பலனை வார்லாக் மூணாவது லெவலுக்குத் தள்ளு. பாலடின் மேல அந்த ஒரு லெவல் ஏறினா ஸ்ட்ரெங்த் 13-க்கு மேல வேணாம்னு ஆயிடும். தூங்காம ஷார்ட் ரெஸ்டா (குட்டி ஓய்வா) எடுத்து வார்லாக் ஸ்லாட்டை (ஸ்பெல் போடற வாய்ப்பை) சோர்சரர் புள்ளியா மாத்தி, அதை மறுபடி ஸ்லாட்டாக்கிச் சேமிக்கற வித்தையை ஒரே வரியில தடை பண்ணிடு.

பறக்கற ரேஸை நாலாவது லெவல் வரைக்கும் நிறுத்தி வைக்கறவங்க நிறைய. அது உன் உலகத்தைப் பொறுத்தது. பிச்சாவரம் மாதிரி சுரபுன்னைக் காட்டுல கதை நடந்தா கிளையும் வேரும் பின்னிக் கிடக்கற இடத்துல சிறகை விரிக்கறது எங்க? தாராளமா விடு. வெட்டவெளியா இருந்தா, வில்லோட 50 அடி உயரத்துல நிக்கறவனை ஒரு ஓநாயும் தொட முடியாது, அப்ப நிறுத்து. சில்வரி பார்ப்ஸ் ஸ்பெல்லைத் தடை பண்ணியிருக்கே, சரிதான். முதல் படி ஸ்லாட்டுக்கு எதிராளியை மறுபடி உருட்ட வச்சு, நம்ம ஆளுக்கு அட்வான்டேஜும் கொடுக்கறது அதிகம். காயம் ஆத்தற பூசாரி கிளாஸான கிளெரிக்குக்கு வர்ற ட்வைலைட் டொமைனும் வேணாம். முப்பது அடிக்குள்ள இருக்கற எல்லாருக்கும் ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் டி6-ஓட கிளெரிக் லெவலைக் கூட்டி தற்காலிக ஹிட் பாயின்ட் கிடைச்சா, கோப்ளினோட அடி எதுவும் யார் மேலயும் ஏறாது.

ஆனா ஸ்பிரிட் கார்டியன்ஸ் தடைன்னு எழுதியிருக்கியே, அது ஏன்? கிளெரிக்கை விட்டா ஒண்ணு ரெண்டு சப்கிளாஸுக்குத்தான் அந்த ஸ்பெல். நீ சொல்ற நாலு பேர்ல யார்கிட்டயும் அது இல்ல. இருந்தது போன வருஷம் கிளெரிக்கா விளையாடின ஒருத்திகிட்டதான். மூணு டி8, சராசரி 13.5, எதிராளி விஸ்டம் சேவ் உருட்டித் தப்பினா பாதி, பதினைஞ்சு அடிக்குள்ள வந்தாத்தான். அதே மூணாம் படியில ஃபயர்பால் எட்டு டி6, சராசரி 28, அதை நீ தொடவே இல்ல. ஸ்பிரிட் கார்டியன்ஸ் பத்து நிமிஷம் நிக்குதேன்னு சொல்லுவே. கான்சன்ட்ரேஷன், கவனம் கலைஞ்சா போயிடறதுதானே? தூரத்துலேருந்து ரெண்டு வில்லாளியை நிறுத்து. ஒவ்வொரு அடிக்கும் அவ 10-ஓ, பட்ட சேதத்துல பாதியோ, எது பெருசோ அதுக்கு எதிரா உருட்டணும். தடை பண்ணாமலே அடங்கும். ஒரு விதி எழுதும்போது ஒரே ஒரு ஆளோட முகம்தான் ஞாபகத்துக்கு வருதுன்னா அதைத் தாள்ல ஏத்தாதே தம்பி. அது அந்த ஆள்கிட்ட தனியா உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு. நான் வேற எதுவும் கேட்கல.

கணக்குல உன்னை மிஞ்ச ஆள் இல்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றவதான். இந்தப் பட்டியல்லயும் பாதி அருமையா இருக்கு. ஆனா கிளெரிக் இல்லாம நாலு பேரை அனுப்பப் போறியே, யார் பார்த்துக்குவாங்கன்னு எங்கயும் எழுதலையே?

ஹீலர் ஃபீட்டை 2014-படியே வைன்னு சொன்னது இதுக்குத்தான். ஹீலர் கிட்ல (மருந்துப் பையில) ஒரு தடவை செலவழிச்சா டி6-ஓட 4-ஐயும் அந்த ஆளோட ஹிட் டைஸ் எண்ணிக்கையையும் (அது லெவல் எண்தான்) கூட்டி ஹிட் பாயின்ட் திரும்ப வரும், ஒரு ஆளுக்கு ஒரு ரெஸ்டுக்கு ஒரு தடவை. மூணாவது லெவல்ல ஆளுக்கு 10.5, நாலு பேருக்கு 42. கிட்டோட விலை 5 தங்கம், பத்து தடவை வரும், அப்ப நாலு பேருக்கு ஆகற செலவு 2 தங்கம். ஹீலிங் போஷன் 50 தங்கம், டி4 ரெண்டும் 2-ம், சராசரி 7 தான். அதனால ஒருத்தராவது அந்த ஃபீட்டை எடுக்கணும், கட்டாயப்படுத்தாம எடுத்துச் சொல்லு. போஷனைக் குடிக்கறது போனஸ் ஆக்ஷன் (முக்கியச் செயலைச் செலவழிக்காம செய்யறது)னு 2024-ல மாத்தினதையும் சேர்த்துக்கோ. போஷன் விலையைக் குறைக்காதே, குறைச்சா ஆளுக்கு இருபது வாங்கிப் பையில போட்டுக்குவாங்க, சண்டைக்குப் பயமே இருக்காது. ட்ரூயிடோ ரேஞ்சரோ இருந்தா குட்பெர்ரி பத்துப் பழம், பழத்துக்கு ஒரு ஹிட் பாயின்ட், 24 மணி நேரம் தாங்கும். விழுந்தவனை எழுப்ப அது போதும்.

செத்தவனை எழுப்பறதுதான் பிரச்சினை. ரிவிவிஃபை ஸ்பெல்லை செத்து ஒரு நிமிஷத்துக்குள்ள போடணும், 300 தங்கம் பெறுமான வைரமும் வேணும். கிளெரிக்குக்கு அது அஞ்சாவது லெவல்லயே வந்துடும். பாலடினுக்கு ஒன்பதாவதுலதான். 2020-ல வந்த தாஷா புத்தகத்துல ட்ரூயிடுக்கும் சேர்த்திருக்காங்க, அதை அனுமதிச்சுடு. இதுல எதுவும் இல்லன்னா அஞ்சாவது லெவலுக்கு அப்புறம் நீ ஒவ்வொரு சண்டையையும் பயந்து பயந்து நடத்துவே. ஒருத்தர் போனா மேசைக்கு எவ்வளவு குறையும்னு அப்பத்தான் தெரியும்.

அவ ஷீட்டைக் கிழிக்காதே. இதையும் விதியாவே எழுதிக்கோ, யாருக்கு வேணா பொருந்தற மாதிரி: விளையாட வராதவரோட கேரக்டர் சாகாது. ஊர்ல ஒரு கோயில்ல தங்கியிருக்கும். அதோட கவசத்தையும் பணத்தையும் மத்தவங்க பங்கு போடக் கூடாது. குழு லெவல் ஏறும்போது அதுவும் ஏறும். திரும்பி வந்தா முழு ஹிட் பாயின்டோட, அந்த லெவலுக்கு உரிய தேர்வுகளைப் புதுசா எடுத்துக்கலாம், யார்கிட்டயும் அனுமதி கேட்க வேணாம். நடுவுல நீ ஏதாவது விதியை மாத்தியிருந்தா அதால பாதிச்சவங்க ஷீட்டையே திரும்பப் போட்டுக்கலாம். லைஃப் டொமைன்ல ஒவ்வொரு ஹீலுக்கும் ஸ்பெல் படியோட 2 சேர்த்துக் கொடுத்துக்கிட்டு இருந்தா அவ, எத்தனை தடவை உங்களை எல்லாம் எழுப்பி விட்டிருக்கா. அந்த ஷீட்டைப் பத்திரமா வை. கிழிக்காதே.

முதுநகர் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, பண்ருட்டி பலா வந்தாச்சு. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மேசையில உட்காராதே. சித்தப்பா அடுத்த வாரம் பெங்களூர் வர்றார், முந்திரி கொடுத்து விடறேன், அஞ்சு பொட்டலமா கட்டியிருக்கேன். யாருக்கு எதுன்னு உனக்குத் தெரியும்.

ஷீட் எல்லாம் போட்டதும் போட்டோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு, 27 புள்ளி சரியா வருதான்னு பார்த்துடறேன். ஸ்பிரிட் கார்டியன்ஸ் வரியை அடிச்சுட்டு அந்தப் பட்டியலையும் கூட அனுப்பு.

அன்புடன்
அம்மா