அந்த ஒலிப்பதிவில் இல்லாத பகுதி

கென்டக்கி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டிய நேரம். உங்கள் மாநிலத்தின் லூயிவில் நகரில் பிரியோனா டெய்லரின் வீட்டுக் கதவை உடைத்துப் போலீஸ் நுழைந்தது. யாரோ அத்துமீறி நுழைகிறார்கள் என்று நினைத்து அவருடைய காதலர் ஒரு முறை சுட்டார். போலீசார் 32 முறை சுட்டார்கள். டெய்லர் இறந்துபோனார், வயது 26. செப்டம்பர் 23இல் கிராண்ட் ஜூரியின், அதாவது ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று மூடிய அறையில் முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவின், முடிவு வந்தது. ஒரே ஓர் அதிகாரி மேல் குற்றச்சாட்டு, அதுவும் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்த குண்டுகளுக்காக. டெய்லரின் சாவுக்கு அந்த ஜூரி யார் மேலும் குற்றம் சாட்டவில்லை.

மற்ற இரு அதிகாரிகள் சுட்டது நியாயம்தான் என்று ஜூரியும் ஒப்புக்கொண்டதாக மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக, அதாவது அட்டர்னி ஜெனரலாக, அன்று இருந்த டேனியல் கேமரன் அறிவித்தார். ஜூரியில் இருந்தவர்களுக்கோ வாய்ப்பூட்டு. அவர்களில் ஒருவர் துணிந்து நீதிமன்றம் போனார். அக்டோபரில் நீதிபதி பேச அனுமதித்த பிறகுதான், கொலைக் குற்றச்சாட்டு எதுவும் தங்கள் முன்னால் வைக்கப்படவே இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. ஜூரியிடம் கேட்கவே கேட்காத ஒரு கேள்விக்கு, ஜூரியின் பதில் என்று ஊருக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

ரகசியமே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. ஜூரி உறுப்பினரின் பெயர் வெளியே வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் மிரட்டல் வரும், சாட்சிகள் பயப்படுவார்கள். பெயர்கள் என்றைக்கும் மறைந்தே இருக்கட்டும். உறுப்பினர்கள் தங்களுக்குள் விவாதித்ததும் அப்படியே. ஆனால் அரசு வழக்கறிஞர் எந்தச் சட்டத்தை விளக்கினார், எதை விளக்காமல் விட்டார் என்பதை எதற்காக மூடி வைக்க வேண்டும்? அந்த அறையில் அவரை மறுத்துப் பேச எதிர்த்தரப்பு வக்கீல்கூடக் கிடையாது.

மிசௌரியின் ஃபெர்குசனில் 2014இல் மைக்கேல் பிரவுன் சுடப்பட்ட வழக்கைப் பாருங்கள். தெருவில் மக்கள் மாதக்கணக்கில் நின்றதால், வழக்கு இல்லை என்று அறிவித்த இரவே ஜூரி விசாரணையின் ஆவணங்களை வெளியிட்டார்கள். படித்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. போலீஸ் எப்போது சுடலாம் என்று விளக்க, 1985ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முரணான பழைய சட்டப் பிரிவை ஜூரியின் கையில் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை முடியப் போகிற நேரத்தில்தான் அதைத் திருத்தினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் போலீஸ் பிடியில் எரிக் கார்னர் இறந்த வழக்கிலும் குற்றச்சாட்டு இல்லை. அந்த ஜூரி விசாரணையின் பதிவுகளை வெளியிட நீதிபதி மறுத்துவிட்டார். அங்கே தவறு நடந்ததா இல்லையா என்று பார்க்கக்கூட வழியில்லை.

போராட்டத்தின் அழுத்தத்துக்கு நீதி வளையக் கூடாது என்பது சரி. அப்படியானால், பதிவுகள் வெளிவருவது போராட்டத்தின் பலத்தைப் பொறுத்து இருக்கலாமா?

உங்கள் மாநிலத்தில் டெய்லர் வழக்கின் ஜூரி விசாரணையிலிருந்து சுமார் 15 மணி நேர ஒலிப்பதிவு வெளிவந்தது. அதிலும் வழக்கறிஞர்கள் ஜூரிக்குச் செய்த பரிந்துரை இல்லை. அது சாட்சியம் அல்ல, அதனால் பதிவு செய்யவில்லை என்றார்கள். மக்கள் கேட்க விரும்பியது அந்தப் பகுதியைத்தான்.

ஆகவே சட்டம் கொண்டுவாருங்கள். போலீஸ் கையால் ஒருவர் இறந்த வழக்கில், ஜூரியிடம் அரசு வழக்கறிஞர் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாக வேண்டும். சாவுக்குக் குற்றச்சாட்டு இல்லாமல் முடிந்தால், யாரும் மனுப் போடாமலே, பெயர்களை நீக்கி 30 நாளுக்குள் அது வெளிவர வேண்டும். தன்னிடம் என்ன கேட்டார்கள், என்ன கேட்கவில்லை என்று சொல்ல ஒரு ஜூரி உறுப்பினர் இனி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கக் கூடாது.